தோட்டத்துக் கடிதங்கள்: ரங்கூன் மல்லி ஏன் பூக்கவில்லை?

சென்ற இதழில் என் வீட்டு வாசல் வளைவில் படர்ந்திருக்கும் ரங்கூன் மல்லியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நட்ட பத்தாம் மாதம் பூத்தது என்று போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரிக்காகவே கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் கத்தரிக்காய்ப் புழுவையும் கறிவேப்பிலைச் செதில் பூச்சியையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கொடிகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டீச்சருக்கு வணக்கம். கடலூரில் சில்வர் பீச் போகும் சாலையில் புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். மேற்குச் சுவர் 20 அடி நீளம். மாலை வெயிலில் தணலாகக் கொதிக்கிறது. உள்ளே இருக்கிற அறையில் படுக்க முடியவில்லை. சீக்கிரம் படர்ந்து, சீக்கிரம் பூக்கிற கொடி வேண்டும். நாற்றுப் பண்ணையில் கொடி ரோஸ் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
*— வாசகர், தேவனாம்பட்டினம்*

வைக்காதீர்கள். கொடி ரோஸ் அழகு, சந்தேகமில்லை. இளஞ்சிவப்புச் சரங்களில் தேனீ மொய்ப்பதை நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த அந்தக் கொடிக்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும். உங்கள் சுவரை மூடிய பிறகு பக்கத்து வீட்டு மாமரத்தின் மேல் ஏறும், பிறகு காலி மனைக்குள் இறங்கும். பொதுச்சுவர் உள்ள தெருவில் அதை நட்டுவிட்டு அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு ரங்கூன் மல்லி போதும். கடலோரம் என்று தயங்க வேண்டாம். உங்கள் சுவர் மேற்கே பார்த்திருக்கிறது, கடல் கிழக்கே. உப்புக் காற்றை வீடே மறித்துக்கொள்கிறது. பகல் 12 மணிக்கு மேல் சூரியன் மறையும் வரை அந்தச் சுவருக்கு நேர் வெயில் கிடைக்கும். உங்களை வாட்டுகிற அதே வெயில்தான் கொடிக்குச் சாப்பாடு.

20 அடிக்கு இரண்டு செடி போதும். சுவரிலிருந்து 2 அடி தள்ளி, ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுங்கள். உங்கள் பக்கம் வெறும் கடல் மணலாக இருக்கும். அதில் தண்ணீர் நிற்காது. கேப்பர் மலைச் செம்மண் ஒரு பங்கு, தோண்டிய மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். சுவரில் கம்பி கட்டும் வேலையைச் செடி நடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய கம்பியை ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக, சுவரைவிட்டு 4 அங்குலம் விலக்கிக் கட்ட வேண்டும். இந்த இடைவெளியில்தான் சூட்சுமம் இருக்கிறது. இலைக்கும் சுவருக்கும் நடுவில் காற்று ஓடினால்தான் அறை குளிரும். இலை சுவரோடு ஒட்டிக்கிடந்தால் ஈரமும் பூஞ்சணமும்தான் மிஞ்சும்.

ரங்கூன் மல்லிக்குப் பாகற்கொடியைப் போலப் பற்றுச்சுருள் கிடையாது. இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடி மட்டும் கட்டையாகத் தங்கி முள் போல ஆகிவிடும். அதைக் கொக்கியாக மாட்டித்தான் மேலே போகும். ஆகவே முதல் வருடம் நீங்கள்தான் கட்டிவிட வேண்டும். வாழை நாரால் கட்டுங்கள். தண்டு பருக்கும் நேரத்தில் நாரும் மக்கி அறுந்துவிடும். பிளாஸ்டிக் கயிறு தண்டை இறுக்கி அறுக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு பதறக் கூடாது. நட்ட முதல் சில மாதங்கள் இது கொடியாகவே இருக்காது. குட்டைப் புதராக உட்கார்ந்திருக்கும். "ஏமாற்றிவிட்டார்கள், வேறு செடி கொடுத்துவிட்டார்கள்" என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. அப்படி இருந்துவிட்டு ஒருநாள் நடுவிலிருந்து சாட்டை போல ஒரு தண்டு கிளம்பும். அதன் பிறகு நீங்கள் ஓடித்தான் பிடிக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்த ரும்பியஸ் என்ற தாவர அறிஞர் இதற்குக் குயிஸ்குவாலிஸ் என்று பெயர் வைத்தார். இலத்தீனில் "யார்? எப்படிப்பட்டது?" என்று பொருள். புதரா கொடியா என்று திகைக்க வைக்கும் செடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. இப்போது தாவரவியலில் கொம்பிரீட்டம் இண்டிகம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது.

அது புதராக இருக்கும் மாதங்களில் சுவர் வெறுமையாக இருக்குமே என்றால், கம்பியின் மறு கோடியில் சங்குப்பூ விதை போடுங்கள். விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் பூத்துவிடும். நீலமும் வெள்ளையும் கலந்து போடுங்கள். சங்கப் பாட்டில் வரும் கருவிளையும் செருவிளையும் இந்த இரண்டும்தான்.

என் ரங்கூன் மல்லிக்கு இது மூன்றாவது வருடம். பச்சைப் பசேலென்று மொட்டை மாடி வரை போய்விட்டது. ஒரு பூ இல்லை. வாரம் தவறாமல் மல்லாட்டை (வேர்க்கடலை)ப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றுகிறேன். சமையலறைத் தண்ணீரும் அதற்குத்தான் போகிறது. கிழக்கே ஒரு மாமரம் இருக்கிறது. இன்னும் என்ன உரம் வைக்க வேண்டும், டீச்சர்?
*— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னையே பார்ப்பது போல இருந்தது. 2008-இல் என் முதல் கொடியைக் கிணற்றடியில், வேப்பமரத்தின் நிழலில் நட்டேன். நானும் பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வருடம் இலையைத்தான் பார்த்தேன்.

2011 டிசம்பர் 29 இரவு முழுக்கக் காற்று அடித்தது. மறுநாள் காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் வேப்பமரம் வேரோடு சாய்ந்து கொடியின் மேல் கிடக்கிறது. மரத்தை அறுத்து எடுக்க வந்தவர்கள் கொடியையும் இடுப்புயரத்துக்கு அறுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்காக வருத்தப்படக்கூட அப்போது நேரமில்லை. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைந்தோம். பிண்ணாக்கு ஊறவைக்கிற நினைப்பு யாருக்கு வரும்? மாசியில் அந்தக் கட்டையிலிருந்து செந்தளிர் வந்தது. சித்திரையில் பூத்தது. தண்டு தெரியாமல் பூத்தது. இடிந்த கிணற்றுச் சுவரும் ஓடில்லாத கூரையுமாக இருந்த அந்தக் கொல்லையில் அந்திக்கு அந்த வாசனை வந்தபோது நான் அழுதுவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நிழல் போனது, பிண்ணாக்கு நின்றது, கொடி வெட்டுப்பட்டது. மூன்றும் ஒரே சமயத்தில் நடந்துவிட்டன. எதனால் பூத்தது? முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, இதை ஊகத்தில் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பழைய கொடியிலிருந்து பதியம் போட்டு எடுத்த இரண்டு கன்றுகளை வாசல் வளைவின் இரண்டு பக்கமும் நட்டேன். இரண்டுக்கும் முழு வெயில். இரண்டுக்கும் பிண்ணாக்கு இல்லை. இரண்டுமே பத்தாம் மாதம் பூத்தன. அடுத்த தையில் ஒன்றை மூன்றடிக்கு வெட்டினேன், மற்றதைத் தொடவில்லை. வெட்டியது முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை கொத்துக் கொத்தாகப் பூத்தது. வெட்டாததும் பூத்தது, ஆனால் எல்லாம் உச்சியில், பூவைப் பார்க்க மாடி ஏற வேண்டியிருந்தது. கீழே வெறும் குச்சி. அதற்கடுத்த வருடம் இரண்டையும் வெட்டிவிட்டு ஒன்றுக்கு மட்டும் நான்கு மாதம் பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சை இலை வந்தது. பூ ஆடி வரை வரவில்லை. வந்தபோதும் நாலைந்து கொத்துதான்.

ஆகவே என் கணக்கில் முதலில் வெயில், அடுத்தது பட்டினி, மூன்றாவது கத்தரிக்கோல். நீங்கள் கேட்ட உரம் இந்த வரிசையில் இல்லை.

காரணம் எளிது. மல்லாட்டைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 7 சதவீதம் தழைச்சத்து. கீரைக்கும் முட்டைக்கோசுக்கும் அது அமிர்தம், ஏனென்றால் அவற்றில் நமக்கு வேண்டியது இலை. தழைச்சத்து நிறையக் கிடைக்கிற கொடி இலையும் தண்டும் விட்டுக்கொண்டே போகும்; பூப்பதற்கான அவசியம் அதற்கு ஏற்படுவதில்லை. ஒரு வருடத்துக்குப் பிண்ணாக்கை முழுவதும் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றுங்கள். சமையலறைத் தண்ணீரையும் திருப்பிவிடுங்கள். அதில் போகிற பாத்திரச் சோப்பும் உப்பும் நம் கடலோர மண்ணில் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும்.

மாமரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன். காய்ப்பு முடிந்ததும் கொடியின் பக்கம் தாழ்ந்திருக்கும் கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் நேர் வெயில் விழ வேண்டும். விழவில்லை என்றால் பதியம் போட்டு வேறு இடத்தில் புதிதாக வளருங்கள். அந்த இடத்தில் அது பூக்காது.

பொங்கல் கழிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு எல்லாத் தண்டையும் வெட்டிவிடுங்கள். கை நடுங்கும், எனக்குத் தெரியும். மூன்று வருடம் வளர்த்ததை வெட்டுவது சும்மா இல்லை. ஆனால் இந்தக் கொடி அந்த வருடம் விடுகிற புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கிறது. பழைய தண்டு வெறும் ஏணிதான். தளிர் வந்த பிறகு ஒரு கூடை மக்கிய எருவும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் போடுங்கள், அவ்வளவுதான். வாரம் இரண்டு முறை வேர் நனையத் தண்ணீர் விடுங்கள். சித்திரையில் எனக்கு எழுதுங்கள்.

டீச்சர், எங்கள் பள்ளிக்கூட வாசலில் உள்ள ரங்கூன் மல்லியில் ஒரே கொத்தில் வெள்ளை, ரோஸ், சிவப்பு மூன்றும் இருக்கின்றன. மூன்று செடியைச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்களா?
*— ஏழாம் வகுப்பு மாணவி, திருப்பாதிரிப்புலியூர்*

நன்றாகக் கவனித்திருக்கிறாய் மகளே. ஒட்டு இல்லை. ஒரே பூதான், மூன்று வயதில் இருக்கிறது. மாலையில் மலரும்போது வெள்ளை. மறுநாள் ரோஸ். அதற்கு மறுநாள் சிவப்பு. இதழுக்குள் ஆந்தோசயனின் என்ற நிறமி சிறிது சிறிதாகச் சேருவதால் இந்த மாற்றம்.

ஏன் மாறுகிறது என்பது இன்னும் அழகானது. பூவின் குழல் எவ்வளவு நீளம் என்று அளந்து பார்த்தாயா? இரண்டு அங்குலத்துக்கு மேல் இருக்கும். தேன் அடியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் எட்டக்கூடிய நீண்ட உறிஞ்சுகுழல் சில பெரிய அந்துப்பூச்சிகளுக்கு உண்டு. அவை இரவில் பறப்பவை. இருட்டில் வெள்ளைதான் தெரியும், வாசனைதான் வழிகாட்டும். ஆகவே முதல் இரவு அவற்றுக்காக. விடிந்து நிறம் ஏறிய பிறகு தேனீயும் தேன்சிட்டும் வரும்.

ஒரு வேலை செய். சாயங்காலம் ஒரு மொட்டின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, மூன்று நாள் காலையும் மாலையும் அதன் நிறத்தையும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் நோட்டில் எழுது. வெள்ளையாக இருக்கும்போது பக்கவாட்டில் நீட்டி நிற்கும், சிவப்பாகும்போது தொங்கும். அந்த நோட்டை உன் டீச்சரிடம் காட்டு. காயைப் பார்த்தால் வாயில் போடாதே. ஐந்து விளிம்போடு கம்மரக்காய் (நட்சத்திரப் பழம்) போல அழகாக இருக்கும், வயிற்றைப் புரட்டிவிடும்.

2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டு இரும்புப் பந்தல் கொடியோடு சேர்ந்து சாய்ந்துவிட்டது. இத்தனைக்கும் கான்கிரீட் போட்டு நட்டிருந்தோம். கொடி பிழைத்துக்கொண்டது. புதுப் பந்தல் போட வேண்டும். எப்படிப் போட்டால் நிற்கும்?
*— வாசகர், ரெட்டியார்பாளையம், புதுச்சேரி*

நவம்பர் 30 இரவை மறக்க முடியுமா. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்களுக்கு அதன் பிறகு தென்பெண்ணை வெள்ளம்.

உங்கள் பந்தல் பலம் இல்லாமல் விழவில்லை. கார்த்திகையில் கொடி முழு இலையோடு இருக்கிறது. மழையில் நனைந்த இலைக்கூட்டம் பாறையாகக் கனக்கும். அதன் மேல் காற்று அடித்தால் கப்பல் பாய் போலப் பந்தலையே தூக்கும். ஊறிப்போன மண்ணில் கான்கிரீட்டும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். இரும்பை இன்னும் தடிமனாக வாங்குவதில் பணம் போகும், தீர்வு வராது. இலையைக் குறைக்க வேண்டும்.

நம் ஊரில் கொடி வளர்க்கிறவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிக்கோல் எடுக்க வேண்டும். தையில் வெட்டுவது பூவுக்கு. புரட்டாசி முடிவதற்குள் வெட்டுவது புயலுக்கு. இந்த இரண்டாவதில் கட்டையாக வெட்ட வேண்டாம். பந்தலுக்கு மேல் குவிந்திருக்கும் மெத்தையைக் கீழே நின்று பார்த்தால் வானம் தெரிகிற அளவுக்குக் கலைத்துவிடுங்கள். காற்று ஊடே போய்விடும்.

பந்தலுக்குச் சவுக்குக் கம்பமே போதும் என்பது என் எண்ணம். நம் கடற்கரை முழுவதும் விளைகிறது, விலையும் கட்டுப்படியாகும். மண்ணுக்குள் போகும் இரண்டடிக்குத் தார் பூசுங்கள், கறையான் அண்டாது. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும்; மாற்றலாம். விழுந்தாலும் யார் மேலும் இரும்பு விழாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பியின் பக்கம் மட்டும் ஒரு தண்டையும் போகவிடாதீர்கள். ஏற்கெனவே சுற்றியிருந்தால் நீங்களே இழுக்காமல் மின்துறை ஊழியரை வரவழைத்து எடுங்கள். ஈரக் கொடி மின்சாரத்தைக் கடத்தும்.

வாசனைக் கொடி வைத்தால் பாம்பு வரும் என்று மாமியார் ரங்கூன் மல்லியைப் பிடுங்கச் சொல்கிறார். மனோரஞ்சிதத்தையும் அப்படித்தான் பிடுங்கினோம். உண்மையா?
*— வாசகி, நெல்லிக்குப்பம்*

பூ வாசனைக்குப் பாம்பு வராது. அது நாக்கை நீட்டிக் காற்றில் தேடுவது எலி, தவளை, பல்லி ஆகியவற்றின் வாடையை. ஆனாலும் உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். கொடி தரையில் அடர்ந்து கிடந்தால் அடியில் குளிர்ச்சி இருக்கும், சருகு சேரும், எலி வளை போடும், பின்னாலேயே பாம்பு வரும். நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்புக் காடு. வெட்டு நேரத்தில் எலியும் பாம்பும் ஊருக்குள் இடம் தேடும்.

அதனால் கொடியின் அடியில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு எல்லாப் பக்கக் கிளைகளையும் கழித்து, தண்டு மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். சருகைத் தினம் பெருக்குங்கள். செங்கல், ஓடு, விறகு எதையும் அங்கே அடுக்காதீர்கள். பெருக்கிய தரையை அவருக்குக் காட்டிவிட்டு, கொடி இருக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

மூன்றாவது மாடியில் தொட்டியில் காகிதப்பூ வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் விடுகிறேன். பூக்கவில்லை.
*— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி*

தினமும் விடுவதுதான் குறை. இலை லேசாகத் துவளும் வரை காயவிட்டு, பிறகு தொட்டி நிறைய விடுங்கள். சில வாரங்களில் நிறம் தெரியும். நீங்கள் பூ என்று நினைப்பது பூவல்ல, நிறம் மாறிய இலை; நடுவில் குட்டியாக வெள்ளையாக இருப்பதுதான் பூ. பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் கப்பலில் வந்த கொம்மர்சோன் என்ற தாவரவியலாளர் 1767-இல் பிரேசிலில் இதைச் சேகரித்தார்; தலைவர் பெயரே கொடிக்கும் ஆனது. உங்கள் ஊர் வெள்ளைக்காரத் தெருக்களில் அது மதில் மேல் பூத்துக் குலுங்குவதைப் பாருங்கள். யாரும் தினம் தண்ணீர் ஊற்றுவதில்லை.

உங்கள் கொடியிலிருந்து ஒரு குச்சி கிடைக்குமா, டீச்சர்?
*— கடலூர், பண்ருட்டி, பாகூர் வாசகர்கள் பலர்*

கிடைக்கும். பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கொடிகளையும் வெட்டுகிறேன். பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் வழி சொல்வார்கள். காலை 9 மணிக்குள் வாருங்கள். வெயில் ஏறினால் குச்சி வாடிவிடும். பென்சில் தடிமனில், முக்கால் அடி நீளத்தில், நான்கு கணு இருக்கிற மாதிரி நான் நறுக்கி வைத்திருப்பேன். வீட்டுக்குப் போனதும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, இரண்டு கணு புதைய ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். எல்லாக் குச்சியும் பிடிக்காது, அதனால் ஆளுக்கு மூன்று தருகிறேன். ஈரச் சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.